ஆடேறி வந்த வண்டு

— எழுதிக்கிடுங்க டாக்டரம்மா. மாசி மாசம் எப்போதும்வென்றான் ஊருல ஆட்டு மேல ஏறுன வண்டு, அம்பது கிலோமீட்டர் சவாரி செஞ்சு, நேத்து கழுகுமலையில வந்து இறங்கியிருக்கு. சும்மா இல்ல, ராசா குதிரையில வந்து இறங்குன மாதிரி. இறங்குனதும் என்னையப் பாத்து வாலைத் தூக்கி ஒரு சல்யூட்!

— பூவனலிங்கம் அண்ணாச்சி, இதைச் சொல்லவா என்னைத் திருநெல்வேலியில இருந்து முதல் பஸ்சுக்கு வரச் சொன்னீங்க?

— பொய்யின்னா இந்த மீசைய எடுத்துருதேன்.

— நாலு வருசத்துக்கு முன்னயும் மீசைய எடுக்குறேன்னீங்க. கிணத்துக்குள்ள தேள் பாட்டுப் பாடுதுன்னு சொன்னப்ப.

— பாடுச்சும்மா. நீங்க வந்து சேருததுக்குள்ள அதுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?

— விளையாடாதீங்க. எனக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. நீங்க தீப்பெட்டியில போட்டுக் குடுத்த வண்டு உலகத்துல யாருமே பேர் வைக்காத புது வண்டுன்னு கட்டுரை எழுதி அனுப்பினேன் இல்லையா? திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரே ஒரு வண்டு, அதுவும் பொட்டை வண்டு. ஆண் வண்டு எங்கன்னு கேக்குறாங்க. பத்து நாளுக்குள்ள காட்டலன்னா கட்டுரைய மறந்துர வேண்டியதுதான்.

— ஆம்பளை வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பேரு வைப்பாவளாக்கும்? இது எந்த ஊரு நியாயம்?

— இந்த வண்டுக் குடும்பத்துல அப்படித்தான் அண்ணாச்சி. நாலு இனம் இருந்தா, வெளிய பார்க்க நாலும் ஒன்னு போலவே இருக்கும். ஆண் வண்டோட உள்ளுறுப்பப் பிரிச்சு மைக்ராஸ்கோப்ல வச்சாத்தான் வேற வேறன்னு அடிச்சுச் சொல்ல முடியும். நான் ஏற்கெனவே சூடு பட்டவ. பதினோரு வருசம் முன்ன அவசரப்பட்டு ஒன்னுக்குப் பேர் வச்சேன். அது எங்க தாத்தா பொறக்குறதுக்கு முன்னாலேயே வேற ஒருத்தர் பேர் வச்ச வண்டு. எங்க ஆளுங்க கூட்டம் நடந்தா, காப்பி குடிக்கிற இடத்துல இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. இசக்கிசெல்வின்னு என் பேரச் சொன்னாலே, “ஓ, அந்த வண்டா”ங்கிறாங்க. இன்னொரு தடவைன்னா என்னால தாங்க ஏலாது.

— அதாம்மா ஆம்பளையக் காட்டுதேன்னு கூப்பிட்டேன். ஏ அழகுத்தாயி! அந்தக் கொம்புக் கிடாவ இங்கன பிடிச்சுட்டு வா!

— ஆடு மேய்ச்சலுக்குப் பொறப்படுத நேரம், இப்பம் போயிக் கிடாவப் பிடிங்கிய. யாரு அண்ணாச்சி இவிய? எங்கனயோ பாத்த மொகமா இருக்கு.

— டாக்டரம்மா.

— அப்படியா! நல்ல நேரத்துல வந்திய. அம்மா, இந்த முட்டியில உக்காந்து எந்திரிச்சா மடக்கு மடக்குங்கு...

— நான் வண்டு டாக்டரும்மா.

— வண்டுக்கா? நல்லாருக்கே! எங்க ஆட்டுக்கு ஒரு டாக்டர் வர மாட்டேங்காவ, வண்டுக்கு பஸ் ஏறி வருதாவளா?

— அம்மா, இந்தக் காட்டுல எத்தனை நாளா கிடை போட்டிருக்கீங்க?

— மூணு நாளாச்சு. நாளைக்கு அடுத்த காடு. ஆட்டை அடைச்சுப் போட்டா புழுக்கையும் மூத்திரமும் புஞ்சைக்கு உரமாச்சுல்லா, அதுக்குத்தான் காட்டுக்காரவுக கூப்பிடுதாவ. இப்படிக் காடு காடா நகந்துதான், மாசியில எப்போதும்வென்றான்ல கிடந்தவ சித்திரைக்கு இங்கன வந்து நிக்குதேன். எல்லா வருசமும் இதே தடம்தான்.

— கேட்டுக்கிடுங்க டாக்டரம்மா! நான் சொன்ன தடம் சரியா இருக்கா?

— ஆட்டுத் தடம் சரிதான். வண்டு எங்க வந்துச்சு? எங்க பார்த்தது, எப்ப பார்த்தது, யாரு பார்த்தது, எனக்கு இந்த மூணும் வேணும். நீங்கதானே அண்ணாச்சி சொன்னீங்க? எப்போதும்வென்றான் சோளக்காட்டுல, கரிசல் வெடிப்புக்குள்ள தோள் வரைக்கும் கைய விட்டு எடுத்தேன்னு? தீப்பெட்டி மேல சீட்டு ஒட்டி எழுதியும் குடுத்தீங்க. அதை நம்பி மூணு கோடை அந்த வெடிப்புகளை மண்வெட்டியால தோண்டியிருக்கேன். ஒரு தடவை பாம்பே வந்துச்சு.

— எத்தனை முழம்?

— அண்ணாச்சி!

— சரி சரி. ஒரு விசயம் சொல்லுதேன், கோவப்படக் கூடாது.

— சொல்லுங்க.

— நான் வெடிப்புல கை விடல.

— என்னது?

— வெடிப்புப் பக்கமே போகல. அன்னைக்கு அழகுத்தாயி கிடா ஒன்னு முள்வேலியில கொம்பு மாட்டி நின்னுச்சு. கழுத்தைக் கட்டிப் பிடிச்சு எடுத்து விட்டேன். அதோட கழுத்து முடிக்குள்ள இருந்து ஒன்னு விறுவிறுன்னு என் சட்டைக்கு ஏறுச்சு. கண்ணால பாத்தேன். சட்டைப் பையில தீப்பெட்டி இருந்துச்சு, குச்சியக் கொட்டிட்டு உள்ள போட்டேன். நடந்தது அம்புட்டுதான். ஒரு சொல்லு கூட்டல.

— பிறகு ஏன் வெடிப்புன்னு எழுதினீங்க?

— நெசத்தைச் சொன்னா நம்பியிருப்பீங்களா? தேள் பாடுன பெறகு? தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருசம் போர்மேனா இருந்தவன் நான். நெருப்புப் பிடிச்சிட்டுலேன்னு கத்துனாக்கூட, “எத்தனை பனை உசரம் அண்ணாச்சி?”ன்னு கேட்டுட்டுத்தான் ஒவ்வொருத்தனும் எந்திரிப்பான். இது வேற, வண்டு ஆட்டுல சவாரி போகுதுன்னு நான் சொன்னா விளங்குமா? சரி, ஆயுசுல ஒரு தடவையாவது நம்புத மாதிரி ஒன்னு சொல்லுவோமேன்னு வெடிப்புன்னேன். நீங்க ஒரு கேள்வி கேக்காம எழுதிக்கிட்டீங்க. எனக்குன்னா அவ்வளவு சந்தோசம்! அதுக்கப்புறம் அதை எப்படிம்மா திருப்பி வாங்க?

— மூணு கோடை, அண்ணாச்சி.

— தெரியும்.

— தெரியாது உங்களுக்கு. அதுக்கு வெடிப்பு வண்டுன்னு லத்தீன்ல பேரே வச்சுட்டேன். எங்க தொழில்ல வண்டு பொய் சொல்லாது, மைக்ராஸ்கோப் பொய் சொல்லாது. அந்தத் துண்டுச் சீட்டு ஒன்னுதான் மனுசன் சொல்றது. நூறு வருசம் கழிச்சு ஒருத்தன் அந்தச் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு அதே இடத்துக்கு வருவான். அவனும் என்னைய மாதிரி பாம்புப் பொந்தைத் தோண்டணுமா?

— அதாம்மா நேத்து இங்கன ஒன்னைப் பாத்ததும் போன் போட்டுட்டேன். பாதி ராத்திரி வரைக்கும் உறக்கமே இல்ல. முதல்ல அந்த சல்யூட்டைச் சொல்லிச் சிரிக்க வச்சுட்டு, மெல்ல இதைச் சொல்லுவோம்னு...

— ரெண்டு பேரும் கிடாவப் பிடிக்கப் போறியளா, இல்ல நான் அவுத்து விடவா? கை கடுக்குது. அந்த வாலைத் தூக்குத பூச்சியத்தான தேடுதிய? அது எப்பமும் உண்டு.

— என்னம்மா சொன்னீங்க?

— உண்ணி, தெள்ளு எல்லாத்தையும் பொறுக்கித் தின்னும். அது கெடக்குத ஆடு ஒரு நாளும் வேலியில போயி ஒரசாது. முடி கத்தரிக்கும்போதுகூட அதை நசுக்க மாட்டோம். பிறத்தியாளு கிடைக்குக் கிடா மாத்திக் குடுத்தா அதுவும் கூடவே போயிரும், சீதனம் மாதிரி.

— இதை ஏன் யாருகிட்டயும் சொல்லல?

— யாரு கேட்டா? இப்பம் ஞாபகம் வந்துட்டு! எப்போதும்வென்றான் காட்டுல வெயில்ல குனிஞ்சு தோண்டுனது நீங்கதான? பாவம், தாலிச் செயினைத் தொலைச்சுட்டு அலையுதாவன்னு நாங்க பேசிக்கிட்டோம்.

— ஹஹ்ஹா! தாலிச் செயின்!

— சிரிக்காதீங்க அண்ணாச்சி. கிடா தலைய அணைச்சுப் பிடிங்க. அம்மா, எங்க இருக்கும்?

— காதுக்குப் பின்னால. முடிய எதிர்ப்பக்கமா விலக்குங்க. மெல்ல, மெல்ல.

— என் பையில இருந்து லென்ஸை எடுத்துக் குடுங்கம்மா... இருக்கு.

— எத்தனை? ஒரு நூறு இருக்குமா?

— மூச்சு விடாதீங்க. ரெண்டு. எறும்பு மாதிரி நீளவாக்குல, கருஞ்சிவப்பு. முன் சிறகு அரைச்சட்டை போட்ட மாதிரி பாதி முதுகோட நின்னு போகுது. பறக்குற சிறகு அதுக்குள்ள மடிஞ்சு கிடக்கு. நெத்தியில தீப்பெட்டி வண்டுக்கு இருந்த அதே குழி. அதே வண்டுதான்.

— வாலு?

— தூக்குது.

— ஆங்!

— சல்யூட் இல்ல அண்ணாச்சி. பயம். கிட்ட வந்தா நாத்தத்தை விட்டுருவேன்னு மிரட்டுது. அந்தக் குப்பிய நீட்டுங்க. ஒன்னு உள்ள போயிருச்சு. ரெண்டாவதும்... பொறுங்க. இதோட அடிப்பக்கம், கடைசித் தகட்டு நுனியில ஒரு வெட்டு இருக்கு.

— அடிபட்டிருக்கோ?

— இல்ல. நகத்தால கிள்ளி எடுத்த மாதிரி பிறவியிலேயே உள்ள வெட்டு. பொட்டைக்கு அது கிடையாது. நம்ம தீப்பெட்டி வண்டுக்குக் கிடையாது.

— அப்படின்னா?

— ஆண் வண்டு, அண்ணாச்சி. உள்ளுறுப்பைப் பார்த்துட்டுத்தான் அடிச்சுச் சொல்வேன். ஆனா ஆண் வண்டு.

— அழகுத்தாயி, குலவையப் போடு!

— போங்க அண்ணாச்சி, கிடா மெரண்டு ஓடிரும். கிடாவ விடுதேன், ஆடு காத்துக் கிடக்கு. அம்மா, அடுத்த தரம் வரும்போது முட்டிக்கு ஒரு தைலம் வாங்கிட்டு வாங்க.

— கண்டிப்பா வாங்கிட்டு வாரேம்மா. அண்ணாச்சி பேரோட உங்க பேரும் கட்டுரையில வரும். அது தெள்ளு தின்னும்னு முதல்ல சொன்னது நீங்கதான்.

— என் பேரை எடுத்துருங்க டாக்டரம்மா.

— ஏன் அண்ணாச்சி?

— பூவனலிங்கம்னு ஒருத்தன் பொய்ச் சீட்டு எழுதிக் குடுத்தான்னு வேணா போடுங்க. கேலி பேசி நாலு பேரைச் சிரிக்க வைக்கிறது ஒரு கணக்கு. உங்களை வெயில்ல போட்டு வறுத்துருக்கேன். தோண்டுதாங்கன்னு கேள்விப்படும்போதெல்லாம் போயிச் சொல்லிரணும்னு சட்டைய மாட்டுவேன். தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிருவேன். அந்த மூணு வருசமும் என்னாலதான் போச்சு.

— பாதிதான் உங்களால.

— மீதி யாரு? அழகுத்தாயியா?

— அவங்க என்ன செஞ்சாங்க? முதல் தடவை உங்க தீப்பெட்டிய வாங்க வந்தேனே, அன்னைக்கு இவங்க கிடையில ஒரு குட்டியத் தூக்கிக் கொஞ்சிட்டுத்தான் பஸ் ஏறினேன். குறுக்குச்சாலை தாண்டியதும் கழுத்துல என்னமோ ஊருச்சு. எடுத்து உள்ளங்கையில விட்டுப் பார்த்தேன்.

— யம்மா... என்னது?

— ஏதோ சாணி வண்டுன்னு ஜன்னல் வழியா ஊதி விட்டுட்டேன். மறுநாள் காலேஜ்ல உங்க தீப்பெட்டியத் திறந்து மைக்ராஸ்கோப்ல வச்சதும் தெரிஞ்சுது, நான் ஊதி விட்டதும் இதுதான்னு. அதே குழி, அதே அரைச்சட்டை.

— அப்பவே தெரியுமா? பிறகு ஏம்மா வெடிப்பைத் தோண்டுனீங்க?

— எழுதினது மெய்யாகிறதுக்கு வெடிப்புலயும் ஒன்னு கிடைச்சுராதான்னுதான் தோண்டினேன். ஆட்டுல இருந்து இறங்கி என் மேல ஏறி பஸ்சுல வந்துச்சுன்னு எழுதினா எவன் நம்புவான்னு, நானும் வெடிப்புன்னே எழுதிட்டேன், அண்ணாச்சி.