ஊரை விட்டுப் போன வண்டிகள்

உங்கள் குதிரைவண்டியின் இடப்பக்கச் சக்கரம் முனகுகிறது, ஐயா. நீங்கள் வந்து இறங்கும்போது கேட்டது. பயப்பட ஒன்றுமில்லை. அச்சில் கொழுப்பு வறண்டிருக்கும். யாரையாவது விட்டுக் கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பு தடவச் சொல்லுங்கள், போதும்.

என் பெயர் ஜேபஸ் ட்ரெலோர். பென்வாலியில் வண்டித் தச்சன். கார்ன்வாலிலிருந்து ஒரே கப்பலில் நியூசிலாந்து வந்து, ஒரே புல்வெளியில் கூடாரம் அடித்தவர்களில் நானும் ஒருவன். கூடாரங்கள் கடைகளாயின. ஒரு தெருதான். ஆனால் அந்தத் தெருவில் ஒரு கடையை நம்பித்தான் இன்னொரு கடை இருந்தது. பூட்ஸ் தைக்கக் கொடுக்க வரும் ஆட்டுப் பண்ணைக்காரன்தான் ரொட்டி வாங்குவான், குதிரைக்கு லாடம் அடித்துக்கொள்வான், மளிகைக் கடையில் தேயிலை கட்டச் சொல்வான். பூட்ஸ்காரன் போய்விட்டால் பண்ணைக்காரன் ஏன் வருகிறான்? இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

ரயில் பாதையை ஆற்றின் அக்கரையில் போட்டார்கள். அங்கே ஸ்டேஷனைச் சுற்றிப் புது ஊர் முளைத்தது. எங்கள் தெருவில் எல்லோரும் அதே பேச்சாகத் திரிந்தார்கள். போவதற்கு வண்டி வேண்டும். வண்டிக்கு என்னிடம்தான் வர வேண்டும்.

முதல் ஆள் பூட்ஸ்காரன் ஜோசையா நான்கரோ. அவன் விஷயத்தில் நான் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. காய்ந்த மரம் கையில் இல்லை. அவன் அவசரப்படுத்தினான். பச்சை மரத்திலேயே ஆரக்கால்களைச் செதுக்கிச் சக்கரத்தின் நடுக் குடத்தில் இறுக்கினேன். பச்சை மரத்துக்கும் காய்ந்த மரத்துக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் தெரியாது, அதுவும் சாயம் பூசிவிட்டால். ஆனால் சமவெளியில் மலைக்காற்று அடித்ததும் ஈரம் வற்றிச் சுருங்கும். ஆரக்கால்கள் ஆடத் தொடங்கும். ஆற்றை எட்டுவதற்குள் சக்கரம் சாய்ந்துவிடும்.

சாய்ந்தது. நான்கரோ குடும்பத்தோடு நடந்தே திரும்பி வந்தான்.

"போகாதடா மடையான்னு ஆண்டவனே சொல்லிட்டாருப்பா," என்றான் என்னிடம். கோபமே இல்லை. அவன் மனைவி ஜன்னல் திரைகளை மறுபடி மாட்டினாள். அன்று தெருவே அவர்கள் வீட்டில் கூடிச் சிரித்தது. போகவே விருப்பமில்லாத மனிதனுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு சாக்கு. அதை என் மரம் கொடுத்தது.

அதன்பிறகு வேண்டுமென்றே செய்தேன். சேணம் தைக்கிற பாஸ்கோ திரும்பி வந்தான். மளிகைக் கடை குயில் அம்மாள் திரும்பி வந்தாள். யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. பொய் சொல்லக் கூடாது, குயில் அம்மாளுக்குக் கை முறிந்தது. ஆனாலும் கடையைத் திறந்துவிட்டாள்.

ரொட்டிக்கடை ஈனாக் ஃபேர்லி வந்து வண்டி கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. கப்பலில் பக்கத்துப் படுக்கை அவனுடையது. அவன் அடுப்பின் கதவுச் சட்டத்தை நான்தான் செய்து கொடுத்தேன்.

"ஏன்யா ஜேபஸ், நீ கட்டுற வண்டிக்கெல்லாம் பாதி வழியிலேயே வீட்டு நெனப்பு வந்துடுதே. என்னோடதாவது அக்கரை சேருமா?" என்றான்.

"சேரும்."

"சேரலைன்னா நேரா உன் வீட்டுக்குத்தான் வருவேன். நாலு பேருக்கும் நீதான் ஆக்கிப் போடணும். டார்க்கஸ் சாப்பிடுற சாப்பாட்டுக்கு உன் சொத்து பத்தாது, பாத்துக்க."

அவன் மனைவி டார்க்கஸ் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணே, இவர் பேச்சக் கேக்காதீங்க. இவர் திங்கிறதுக்குத்தான் கடையே நஷ்டத்துல ஓடுது," என்றாள்.

அவர்கள் கிளம்பிய காலையில் மழை தூறியது. மாஜிஸ்திரேட்டான நீங்கள் இந்த இடத்தைத்தான் கவனமாகக் கேட்பீர்கள் என்று தெரியும். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். மழையில் மரம் சுருங்காது, ஊறும். ஊறிய ஆரக்கால் குடத்தில் இறுகி நிற்கும். அதாவது, சக்கரம் சமவெளியில் சாயாது. ஆறு வரைக்கும் தாங்கும். பாலம் கிடையாது, இறங்கித்தான் கடக்க வேண்டும். ஆற்றுக்குள் பாறை பக்கவாட்டில் இடிக்கும்போது பச்சை மரம் தாங்காது.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும்.

டார்க்கஸ் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. பெண் குழந்தைகள் இரண்டும், டாம்சினும் வில்மட்டும், மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தன. சின்னவள் தொப்பியைக் கழற்றி மழையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மழையா இருக்கேண்ணே. இன்னைக்குப் போலாமா, நாளைக்குப் போலாமா?" என்று டார்க்கஸ் கேட்டாள்.

நாளைக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். எதையும் ஏன் என்று கேட்கிறவள் அவள். ஒரு பதில் சொன்னால் இன்னொன்று கேட்பாள். நான்கரோவுக்குத் தெரியவரும், குயில் அம்மாளுக்குத் தெரியவரும். அப்புறம் தெருவில் யார் மிஞ்சுவார்கள்?

"தூறல்தானம்மா, ஆறு ஏறாது. போய்ட்டு வாங்க," என்றேன்.

ஈனாக் முன்னால் நடந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்ததால் பிழைத்தான். வண்டி நடு ஆற்றில் சரிந்தது. மூன்று பேரையும் வெள்ளம் கொண்டுபோய்க் கீழே மணல்திட்டில் ஒதுக்கியது. சவப்பெட்டிகளை நான்தான் செய்தேன். நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்தேன். அதற்குள் மரம் வந்திருந்தது.

ஈனாக் இனி எங்கும் போகமாட்டான். அவர்கள் மூவரும் கோவிலுக்குப் பின்னால் கல்லறையில் இருக்கிறார்கள், விட்டுவிட்டு எப்படிப் போவான்? அடுப்பை இன்னும் மூட்டவில்லை என்கிறீர்கள். மூட்டுவான். துக்கம் ஆற நாளாகும். தினமும் அவனோடு போய் உட்கார்ந்திருக்கிறேன். என் தோளில் சாய்ந்து அழுகிறான். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

எவருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை, பிறகு ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். கொல்லன் மர்டோவுக்காக வந்தேன். சக்கரத்தின் இரும்புப் பட்டா தளர்ந்துதான் விபத்து என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பட்டா போட்டவன் அவன். அவன் ஜன்னலில் கல் விழுந்தது. பெண்கள் அவனைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். போன வாரம் என் பட்டறைக்கு வந்தான்.

"மூணு உசுரு, ஜேபஸ். எங்க தளர்ந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கமே போச்சு. நான் கிளம்புறேன். ஒரு வண்டி கட்டிக் குடு," என்றான்.

அவனுக்கும் அதேபோலக் கட்டலாம் என்று நினைத்தேன். மறைக்கவில்லை. ஆனால் அவன் கொல்லன், ஒவ்வொரு ஆரக்காலையும் தட்டிப் பார்ப்பான். கொல்லன் இல்லாத ஊருக்குக் குதிரை வராது, குதிரை வராத ஊர் ஊரே இல்லை. அவனை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆகவே அவன்மேல் தப்பில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லுங்கள். என்னைத் தூக்கில் போட்டால் பென்வாலியில் வண்டி கட்ட ஆள் இருக்காது. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

என் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். இதற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. நாங்கள் வந்த முதல் கோடையிலேயே, இந்தக் காற்றும் புல்லும் தாங்கவில்லை என்று கப்பலேறித் திரும்பிப் போய்விட்டாள். நீங்களும் வாங்க என்றாள். எனக்குப் பட்டறையில் வேலை இருந்தது. துறைமுகம் வரைக்கும் போக ஒரு வண்டி கட்டிக் கொடுத்தேன். அதுதான் நான் இங்கே கட்டிய முதல் வண்டி. கார்ன்வாலிலிருந்து கொண்டுவந்த காய்ந்த மரம், ஒவ்வொரு ஆணியையும் இரண்டு முறை பார்த்து அடித்தேன். வழியில் எங்கேயும் நிற்கவில்லையாம், ஒரு முனகல்கூட இல்லையாம்.

இந்தத் தொழிலில் நான் செய்த தவறு அது ஒன்றுதான், ஐயா.