கிடார்க்காரன் முடிக்கு ஒரு வேண்டுதல்

சாமி பேரில் சொன்ன பொய் வேண்டுதலாகிவிடுமா? சேவூர் பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“எம் பையன் சீமைக் கிடார்க்காரனாட்டம் முடி வளர்த்திருக்கானுங்க. பொண்ணு ஊட்டுல கேட்டாங்க. பழனிக்கு வேண்டுதல்னுட்டேன்.”

“யாருங்க அந்தக் கிடார்க்காரன்?”

“லாரி ஓட்டிட்டிருந்தவனாமுங்க. இப்ப ஊரூராக் கூட்டம் அலைமோதுதாம். பையன் அவன் படத்தை முருகனுக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கான்.”

“அவங்கம்மா எந்தக் கோயிலுக்கு வேண்டுனாங்களோ!”

“சிரிக்காதீங்க. மொட்டை பாக்கறதுக்குச் சம்பந்தி வெள்ளிக்கிழமைக்கு வேனே பேசிட்டாருங்க.”

“பையன் என்ன சொல்றானுங்க?”

“அவன்கிட்ட இன்னும் சொல்லலீங்க.”

சாமி குற்றம், சம்பந்தி வருத்தம், மகன் கோபம்: அந்தத் தாய் எதற்கு முதலில் பயப்பட வேண்டும்? அனுபவமுள்ள தாய்மார்கள் தயவுசெய்து எழுதுங்கள்.