அரைக்கட்டை

கீபோர்டு வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, அதைத் தூக்கிப் பாருங்கள் என்பதுதான். கடைக்காரர் ஓசைகளை ஒவ்வொன்றாகக் காட்டி உங்களை மயக்குவார். வயலின் என்பார், புல்லாங்குழல் என்பார், மழைச் சத்தம்கூட உண்டு என்பார். எல்லாம் இருக்கும். ஆனால் மண்டபத்தின் மாடிப்படியில் அதைச் சுமக்கப்போவது உங்கள் இடுப்பு, அவருடையது அல்ல.

உங்களுக்கு இசை தெரியாது என்று சொன்னீர்கள். பரவாயில்லை, புரியும்படியே சொல்கிறேன்.

பகலில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பது என் வேலை. விடுமுறை நாட்களில் வரவேற்பு, அலுவலக விழா, பிறந்தநாள் என்று கூப்பிட்ட இடத்தில் வாசிப்பேன். என் மனைவி பாடுவாள். தொடக்கப் பள்ளி ஆசிரியை அவள். காலையில் பிள்ளைகளோடு கத்திவிட்டு மாலையில் வந்து பாடினாலும் குரல் கலங்காது. அவளுடைய தம்பி கிட்டார் வாசிப்பான். மூன்று பேர், ஒரு வாடகை வண்டி. அதுதான் எங்கள் குழு.

முதலில் என்னிடம் இருந்தது பியானோ போலக் கனமான விசைகள் கொண்ட பெட்டி. விரலுக்குச் சுகம், தோளுக்குத் தண்டனை. அதைக் கொடுத்துவிட்டு, தாளம், கிட்டார், பேஸ் எல்லாவற்றையும் தானே வாசிக்கும் கீபோர்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இடது கையால் ஒரு விசையைத் தொட்டால் போதும், பின்னணி முழுக்க அதுவே வரும். அதற்குப் பிறகு மைத்துனன் தேவைப்படவில்லை.

"மச்சான், நீ இனிமே லீவு நாள்ல அலைய வேண்டாம். வீட்ல ஓய்வா இரு" என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தான். "பெட்டியே எல்லாத்தையும் வாசிச்சா, அப்புறம் நீங்க எதுக்கு மாமா?"

என் மனைவியும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு விழாவில், பெரிய இசைக்குழு ஒன்றை நடத்துபவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் குனிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "அருமையான குரல்மா. இங்க இருந்து வீணாக்காதீங்க. எங்க குழுவுக்கு வந்துடுங்க. கீபோர்டுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கார்" என்றார். நான் காதில் விழாதவன் போலச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

அவள் போகவில்லை. "இல்லைங்க, நான் இவர்கூடத்தான் பாடுவேன்" என்றாள். உங்கள் விசாரணையில் இது முக்கியம் என்று நினைக்கிறேன், அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அவள் மறுத்தாள். ஆனால் மறுப்பதற்கு முன் சற்று யோசித்தாள். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். நான் பார்த்தேன்.

ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சுருதி இருக்கிறது, அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். அவளுக்கு ஐந்தரைக் கட்டை. அதில் பாடினால் உச்சி வரிகள் சிரமமில்லாமல் எட்டும். டிஜிட்டல் கீபோர்டில் சுருதியை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மேலேயே தெரியும் பொத்தான். அதை அழுத்தினால் திரையில் எண் வரும். இன்னொன்று உள்ளே, பட்டியலுக்குள் பட்டியலாகப் போனால் கிடைக்கும். அதில் மயிரிழை அளவுகூட ஏற்றலாம். வெளியே எதுவும் காட்டாது. பெரும்பாலானவர்கள் கீபோர்டை வாங்கிய நாளிலிருந்து அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் திறந்தேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு இழை ஏற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது கண்ணாடிக் கடையில் நான் தினமும் பார்ப்பது. அரைக்கட்டை ஏறியபோது அவள் உச்சி வரிகளில் கண்ணை மூட ஆரம்பித்தாள். பிறகு இன்னும் ஏற்றி முழுக் கட்டை ஆக்கினேன். கிட்டார் பக்கத்தில் இருந்திருந்தால், சுருதி சேராமல் முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும்.

அவளுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. மேல் வரிகள் எட்டாமல் போனால், பெரிய மேடைக்குத் தன் குரல் தாங்காது என்று அவளே புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

"என்னங்க, சமைக்கும்போது பாடினா நல்லாத்தான் வருது. மேடையில நின்னா தொண்டை இறுகுது. எனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று ஒரு நாள் அழுதாள். பயமாக இருக்கும் என்றேன். போகப்போகச் சரியாகும் என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். திருமணமான புதிதில்கூட அவள் அப்படிச் சாய்ந்ததில்லை. முன்பெல்லாம் நிகழ்ச்சி முடிந்து வண்டியில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டு வருவாள். இப்போது என் முகத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். "பரவால்லம்மா" என்பேன்.

அவள் முயற்சியை விடாதவள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. எட்டாத இடத்தை எட்டியே தீருவேன் என்று இன்னும் அழுத்திப் பாடினாள். சில வாரங்களில் வகுப்பிலும் குரல் கம்மத் தொடங்கியது. தொண்டை மருத்துவரிடம் நான்தான் அழைத்துப்போனேன்.

"குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்கு" என்றார் அவர். "பேச்சைக் குறைங்க. பாடியே ஆகணும்னா சுருதியை இறக்கிப் பாடுங்க. இதே மாதிரி உச்சத்துல அழுத்தினா ரத்தக்குழாய் உடைஞ்சிடும். அப்புறம் என்னால எதுவும் செய்ய முடியாது."

அவர் சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது. கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு வந்த அவள், "அரைக்கட்டை இறக்கி வாசிக்கிறீங்களா? உங்களுக்குச் சிரமமா இருக்குமா?" என்று கேட்டாள். எனக்கு என்ன சிரமம், ஒரு பொத்தான்தானே. அவள் கண் முன்னாலேயே மேல் பொத்தானை அழுத்தினேன். திரையில் எண் இறங்கியது. நிம்மதியாக என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவள் முகம் கழுவி வருவதற்கு முன்பே உள்ளே இன்னொரு அரைக்கட்டையை ஏற்றியிருந்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். அன்று உண்மையாகவே இறக்கியிருந்தால் அவள் உடனே நன்றாகப் பாடியிருப்பாள். ஒரே நாளில் குரல் எப்படித் திரும்பியது என்று யோசித்திருப்பாள். என் மனைவி யோசிக்கிறவள் என்று ஏற்கெனவே சொன்னேன்.

அடுத்த வரவேற்பில், சரணத்தின் உச்சியில், அவள் குரல் உடைந்தது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அதன் பிறகு வாய் அசைந்தது, வெறும் காற்று வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. மேடையில் நிறுத்தக் கூடாது. மீதி வரிகளைப் புல்லாங்குழல் ஓசையில் வாசித்து முடித்தேன். நன்றாகவே அமைந்தது. கைதட்டினார்கள். இத்தனை வருடத்தில் எனக்கென்று கைதட்டியது அன்றுதான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாணில் தழும்பு நின்றுவிட்டது. இனி குரல் வராது என்றார்கள். பள்ளியிலும் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தது நான், மாத்திரை கொடுத்தது நான், தலை துவட்டிவிட்டதும் நான். மாலையில் நான் வாசிப்பேன், அவள் சுவரோரம் உட்கார்ந்து கேட்பாள். வீடு அமைதியாக இருந்தது.

மைத்துனன்தான் கெடுத்தான். அந்த வரவேற்பில் யாரோ செல்போனில் எடுத்த வீடியோ அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அக்காவின் கடைசிப் பாட்டு என்று அதைப் போட்டு, கூடவே கிட்டார் வாசித்துப் பார்த்திருக்கிறான். சேரவில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். சாப்பாட்டு மேசையில் போனை வைத்து எங்கள் இருவருக்கும் போட்டுக் காட்டினான்.

"மாமா, அக்காவுக்கு ஐந்தரைதானே? இறக்கி வாசிச்சதா வேற சொன்னீங்க. இதுல ஆறரை இருக்கு. முழுசா ஒரு கட்டை மேல." பிறகு, பாவம், அவனே எனக்கு வழியும் காட்டினான். "வீடியோல ஏதாவது கோளாறா மாமா?"

"இல்லை" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இப்போது உங்களிடம் சொன்னதை அப்போதே அவர்களிடமும் சொன்னேன், இதே வரிசையில்.

அவள் எழுந்துபோய் கீபோர்டை இயக்கினாள். ஒரே ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான் வந்தது. ஓசை நின்ற பிறகும் விரலை எடுக்காமல் நின்றாள். தம்பி அவள் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். மாற்றுப் புடவைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

நான் செய்தேன். வேறு யாருக்கும் பங்கு இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அவள் திரும்பி வருவாளா என்று நீங்கள் கேட்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கு எங்களைத் தெரியாது. இது அவளுடைய தம்பி கொடுத்த புகார், அவள் கொடுத்தது அல்ல. அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. வாசலைத் தாண்டும்போது திரும்பி நின்று என்னை வெகுநேரம் பார்த்தாள். அப்போதுகூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.