கோப்பையில் போட்ட கோடு

வேக நடைப் போட்டியைப் பார்த்துச் சிரிக்காதவர்களை நான் அதிகம் கண்டதில்லை. இடுப்பை ஒடித்து ஒடித்து, அவசரமாகக் கழிப்பறை தேடுகிறவனைப் போலத்தான் நடப்போம். நீங்களும் சிரிக்கலாம் சார், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சின்ன வயதில் நானும் தம்பியும் நெடுந்தூர நடையில் உலக சாதனை செய்தவர்களின் பெயர்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். முதலில் மைதானத்தில் சுற்றிச் சுற்றி நடந்தவர்கள், பிறகு தார் ரோட்டில் நடந்தவர்கள். ஒருவனுடைய நேரம் அடுத்தவன் வரும்வரைதான். ஆனால் பட்டியலில் ஏறிய பெயரை யாராலும் இறக்க முடியாது.

நானும் ஒருமுறை சாதனை நேரத்தை முந்தினேன். முடித்த இடத்திலேயே மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தேன். போட்டி முடிந்ததும் ஊக்கமருந்து சோதனைக்குச் சிறுநீர் கொடுக்காவிட்டால் சாதனை செல்லாது. நான் கொடுக்கவில்லை. உயிர் இருந்தது, பெயர் இல்லை. அதன்பின் நடப்பதை விட்டுவிட்டுத் தம்பிக்குப் பயிற்சி கொடுத்தேன்.

பிறகு அந்தத் தூரத்துக்கான போட்டியையே நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். கடைசிப் போட்டியில் சாதனை படைப்பவனை இனி எவனும் முந்த முடியாது. தம்பி படைத்தான். நல்ல வெயில். கோட்டைத் தாண்டியதும் என் தோளில் சாய்ந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது, வியர்வை நின்றுபோயிருந்தது. அது உயிரைக் குடிக்கும் வெப்பத்தாக்குக்கு அடையாளம் என்று பயிற்சியாளனுக்குத் தெரியாமல் இருக்குமா?

டாக்டர் ஆம்புலன்ஸோடு வந்தார். "இவன் எப்பவும் இப்படித்தான் சார், கொஞ்சம் உக்காந்தா சரியாயிடுவான்" என்றேன். கைத்தாங்கலாகச் சோதனை அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். சோதனை அதிகாரி கோப்பையை நீட்டி, அதில் போட்டிருந்த கோடு வரைக்குமாவது சிறுநீர் வேண்டும் என்றார்.

உடம்பில் நீர் இருந்தால்தானே வரும். தண்ணீர் கொடுத்தேன், வாந்தி எடுத்தான். துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன்.

"அண்ணா, முடியலண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இதை மட்டும் குடுத்துட்டுப் போயிடலாம்டா."

டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று அதிகாரி கேட்டார். கூப்பிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வேண்டாம் என்றேன். தம்பி மனைவி கதவைத் தட்டினாள்.

"மாமா, ஒரு நிமிஷம் முகத்தைப் பாத்துட்டுப் போயிடறேன்."

"நல்லாத்தாம்மா இருக்கான். வெளியாளை உள்ள விடமாட்டாங்க."

பாவம், நம்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் என்னைப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டான். நாக்குக் குழறியது. நான் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்பார்கள். வந்தது. டீ நிறத்தில், கோப்பையில் போட்டிருந்த கோடு வரைக்கும் வந்தது. அவன் கையைப் பிடித்துச் சோதனைப் படிவத்தில் கையெழுத்துப் போடவைத்தேன். அதற்குப் பிறகுதான் வாசலில் நின்ற ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். போகும் வழியிலேயே போய்விட்டான்.

சாதனையை ஏற்றுக்கொண்டார்கள். பட்டியலில் கடைசிப் பெயர் அவனுடையது. முன்பே அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பான் என்கிறீர்கள். பிழைத்திருப்பான். நானும்தான் பிழைத்தேன், என்னத்தைக் கண்டேன்?

நான் விழுந்த அன்று, சோதனை முடியட்டும் என்று அதிகாரிகள் சொல்லியும் கேட்காமல், என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு ஓடியவன் என் தம்பிதான். அதற்காக அவன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.