இரண்டாம் முறை அளக்காத உயரம்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டு பாரிஸின் இந்த லா சப்பல் மண்டபத்துக்கு, அப்பாவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உறவுகளே! மறைந்த குணரத்தினத்தின் மகள் தாட்சாயினி பேசுகிறேன். உள்ளதை உள்ளபடியே பதிவு செய்யப் போகிறேன். புகழ்ச்சி மட்டும் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

லு ஆவ்ர் துறைமுகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பெருஞ்சுமைகளை அளந்து, கட்டி, வீதிக்கு அனுப்பியவர் அப்பா. எந்தக் கொள்கலனிலும் அடங்காத காற்றாலை இறகுகள், வீட்டளவு மின்மாற்றிகள்! "மூன்று முறை அளக்கும் குணரத்தினம்" என்று எனக்கு முன் பேசிய ஐவரும் புகழ்ந்தீர்கள். மெய்தான். ஒரு நாளைத் தவிர.

அந்த நாளை யார் சொல்வது?

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்மாற்றியைப் பாரவண்டியில் ஏற்றியதும் அப்பா உயரத்தை அளந்தார். பிறகு, ஆடாதிருக்க அடியில் மரக்கட்டைகள் வைத்தார்கள். சுமை ஒரு சாண் உயர்ந்தது. இரட்டை வேலை செய்து களைத்திருந்த அப்பா மறுபடி அளக்கவில்லை. பழைய எண்ணையே எழுதிக் கொடுத்தார். அந்த உயரத்துக்கெனக் குறித்த பாதையில் போன வண்டி ஒரு பாலத்தின் அடியில் மோதியது. ஓட்டியவர் கிறிஸ்தோப்பர் மாமா. அவர் பாதை மாறி ஓட்டினார் என்று சொல்லி நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கியது. அப்பா வாய் திறக்கவில்லை.

கடைசி வாரம், ஆஸ்பத்திரியில், பிழை தன்னுடையதே என்று அவர் சொல்லச் சொல்ல நான் நிறுவனத்துக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதினேன். கையெழுத்து வைத்தார்.

"நான் போனாப்பிறகு கிறிஸ்தோப்பரிட்டைக் குடு."

"இப்பவே குடுத்தா என்னப்பா?"

"வெக்கமாக் கிடக்கு, பிள்ளை."

இன்று காலை அம்மா தடுத்தார். "செத்த மனிசன்ரை மானத்தை ஏனடி மேடையிலை கிழிக்கிறாய்?"

மன்னியுங்கள் அம்மா. அப்பாவின் மானம் இந்தத் தாளில்தான் இருக்கிறது.

கிறிஸ்தோப்பர் மாமா! கடைசி வரிசையில் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏன் இருக்கிறீர்கள்? முன்னால் வாருங்கள். இதை வாங்குங்கள். திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். நிறுவனத்துக்கு உங்களுடன் வருவேன். உங்கள் பெயரிலுள்ள பழியை அவர்கள் நீக்கி எழுதும்வரை வந்துகொண்டே இருப்பேன். இது அப்பா விட்டுப்போன வேலை, நான் செய்வேன்.

இத்துடன் என் உரை முடிந்தது. நடந்த மிச்சத்தையும் எழுதுகிறேன்.

மாமா வந்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "நாலு வருஷமா என்ரை வீட்டிலையே ஒருத்தரும் நம்பேல்லை" என்றார். அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருங்கோ அண்ணை."

அவர் இருந்தார். மண்டபப் பொறுப்பாளர் மரி-லூயிஸ் நேரம் முடிந்ததென்று வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். அம்மாவும் மாமாவும் எழும்புவதற்குள் விளக்குகள் அணைக்கப்பட்டன.