இரண்டு அங்குலம் கூடுதல்

— இன்னும் எவ்வளவு நேரம்னு மட்டும் சொல்லுங்க. மாப்பிள்ளை போன் பண்ணி அரை மணி நேரம் ஆச்சு. நம்ம பொண்ணைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சாம், சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்கன்னார். இங்க என்னடான்னா காரு வாசல்ல, சீட்டு ஹால்ல.

— ரெண்டையும் சேர்த்துட்டா தீர்ந்தது தாயே. நாலு போல்ட்டு. அவ்வளவுதான்.

— இந்த அவ்வளவுதானை மூணு வாரமா கேட்டுக்கிட்டிருக்கேன்.

— மூணு வாரத்துல ஒரு முழு சீட்டு. கம்பெனிக்காரன்கூட இவ்வளவு அக்கறையா செஞ்சிருக்க மாட்டான்.

— கம்பெனிக்காரன் ஸ்பிரிங் மேல கோணிச் சாக்கை விரிச்சிருக்க மாட்டான்.

— விரிச்சிருந்தான். பிரிச்சப்ப நானே பார்த்தேன். அவன் சாக்கு கந்தலாகித்தான் ஸ்பிரிங் குத்துச்சு. இந்தா, இந்த ஊசியில நூல் கோர்த்துக் குடு. ஓரத்துல பத்து தையல் பாக்கி.

— மறுபடியுமா? காலையிலேர்ந்து இது ஆறாவது தடவை. கண்ணு தெரியலைன்னு சொன்னா மட்டும் மூஞ்சி மாறிடும்.

— கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஊசிதான் நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போகுது.

— போன மாசம் தெருமுனையில அந்த சைக்கிள்காரர் கத்தலைன்னா என்ன ஆயிருக்கும்? அவரும் இளைச்சுப் போயிருந்தாரா?

— அவர் வந்த வேகம் அப்படி.

— சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தார்ங்க. கண் டாக்டர்கிட்ட போங்கன்னு சொன்னா, சீட்டு முடியட்டும், சீட்டு முடியட்டும். இந்தாங்க ஊசி. அட, இது என்ன? இந்தப் பக்கப் பட்டை மட்டும் கறுப்பா இருக்கு?

— எந்தப் பக்கம்?

— எந்தப் பக்கமா? முழு சீட்டும் காப்பிப்பொடி கலரு. இது மட்டும் கன்னங்கரேல்னு இருக்கு.

— கடைக்காரன் ரெக்சினைக் கலந்து குடுத்துட்டான்.

— ரெண்டையும் தனித்தனியா சுருட்டித்தான் கட்டிக் குடுத்தான், நானும்தானே கூட வந்தேன். கறுப்பு, கதவுக்குன்னு வாங்கினது.

— சரி, புது டிசைன்னு வச்சுக்க. உட்கார்ந்துட்டா யாருக்குத் தெரியப் போகுது. முடிஞ்சுது. அந்தப் பக்கம் பிடி. படியைப் பார்த்து.

— நீங்க பாருங்க படியை. ஏங்க, உயரம் ஜாஸ்தியா இல்ல? எத்தனை ஸ்பாஞ்சு வச்சீங்க?

— பழசைவிட ரெண்டு அங்குலம் கூட.

— தலை கூரையில முட்டுமே.

— முட்டினா குனிஞ்சுக்கறது. கல்யாணம் ஆனதிலேர்ந்து பழக்கம்தானே. ம், மெதுவா இறக்கு. அந்த ஸ்பானரை எடு.

— ஓட்டுற மகாராஜாவுக்கு சிம்மாசனம். பக்கத்துல உட்கார்றவளுக்கு அதே பள்ளம், அதே கிழிசல், அது மேல ஒட்டின அதே டேப்பு. ஒரு ஊசி குத்துனீங்களா என் சீட்டுல?

— அது நல்ல பள்ளம். பழகின பள்ளம்.

— ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க, அப்பத் தெரியும். நான் ஏறிட்டேன். சீக்கிரம். பையெல்லாம் பின்னாடி வச்சாச்சு. என்னங்க, ஏன் சீட்டை இவ்வளவு முன்னாடி தள்ளி முடுக்கறீங்க? உங்க முழங்கால் ஸ்டீயரிங்ல இடிக்கும்.

— இடிக்காது.

— இந்த வீம்புதான் வேண்டாங்கறது. முடுக்கியாச்சுல்ல? ஏறுங்க. ஏன் கதவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறீங்க?

— செவ்வாய்க்கிழமை நூல் வாங்கப் போனேன்ல.

— மூணு மணி நேரம் சுத்திட்டு நூல் இல்லாம வந்தீங்க. அதுக்கென்ன இப்ப?

— கண் டாக்டர்கிட்ட போயிருந்தேன்.

— என்ன சொன்னார்?

— கண்ணுக்குள்ள அழுத்தமாம். ரெண்டு பக்கமும் ஓரப்பார்வை போயிடுச்சாம். போனது போனதுதானாம், இருக்கறதைக் காப்பாத்த சொட்டு மருந்து. இனிமே ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாதுன்னார்.

— மூணு நாளா எங்கிட்ட சொல்லாம...

— சொல்றதுக்கு நாலு ஜோக்கு யோசிச்சேன். ஒண்ணும் சரியா அமையல.

— கையைக் குடுங்க இப்படி. சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப பொண்ணு அங்க நமக்காகக் காத்துக்கிட்டிருக்கா. டாக்சிக்காரருக்கு போன் போடுறேன்.

— போடலாம். உன் லைசென்சுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.

— நான் ஓட்டி ஆறு வருஷம் ஆச்சு. கேட்டுல காரை உரசி ஒரு கோடு போட்டுட்டேன்னு வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி சிரிச்சீங்களே. அன்னைக்குச் சாவியை வச்சவதான், அப்புறம் தொடவே இல்ல.

— தெரியும். நான் போட்டதுலயே மட்டமான ஜோக்கு அதுதான். கேட்டு ஒழுங்கா நின்னிருந்தா கோடே விழுந்திருக்காதுன்னு இப்ப ஊரெல்லாம் மாத்திச் சொல்லிடறேன்.

— விளையாடாதீங்க. தலகாணி வச்சாத்தான் எனக்கு ரோடே தெரியும். காலும் எட்டாது.

— சைக்கிள்காரர் கத்தின மறுநாள்தான் சீட்டைப் பிரிச்சேன். டாக்டர் செவ்வாய்க்கிழமை சொன்னது எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.

— அப்ப போன வாரம் தையல் டேப்பை வச்சு என் காலை அளந்தது... டேப்பு சரியா இருக்கான்னு பார்க்கறேன்னீங்க?

— டேப்பு சரியாத்தான் இருந்துச்சு. இறங்கு தாயே, நேரமாகுது. நீ உட்கார்ந்திருக்கறது என் சீட்டு.