குனிந்தால் கடி

அலுவிகாரையில் பஸ் ஏறிய இருவர் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் தொப்பி போட்ட பெரியவர். மற்றவன் பல் வைத்தியம் படிக்கும் அவருடைய தங்கை மகன். அன்று அவனுக்குப் பரீட்சை. பல்லைப் பிடுங்கிக்கொள்ள ஓர் ஆளையும் அவனே கூட்டிப் போக வேண்டுமாம்.

“இந்தத் தடவையும் குனிஞ்சா ஒன் வெரலக் கடிச்சிருவேன் மகன்,” என்றார் பெரியவர்.

“கடிச்சா எப்படி மாமா பல்லு புடுங்குறது?”

“வாயத் தொறந்துக்கிட்டு வேற எப்படிச் சொல்ல? போன தடவை என் மேல்பல்ல நல்லாத்தானே புடுங்கின, ஏன் பெயிலாக்கினாங்க?”

“கூனிக்கிட்டு நின்னேனாம். நோயாளி உக்கார்ற கதிரையத்தான் ஒசத்தணுமாம், முதுக வளைக்கக் கூடாதாம். இப்படியே வேலை செஞ்சா நாப்பது வயசுல நிமிர ஏலாதாம். இன்னைக்கும் பெயிலானா வீட்டுக்கு அனுப்பிருவாங்க மாமா.”

“அதுக்குத்தானே இந்தக் கடவாப்பல்ல ஒரு மாசமா வலிக்க வலிக்க வச்சிருக்கேன்.”

வளைவில் பஸ் திரும்பியபோது பெரியவரின் தொப்பி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் முதுகில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

“நிமிர்ந்து இரு!”

பெரியவர் வீங்கிய தாடையைப் பிடித்துக்கொண்டு, தானே மெல்லக் குனிந்து எடுத்தார்.